நாலு இலக்கத்தில் ஓர் எழுத்து

சீனத் தந்தி பற்றிப் படித்தபோது குறித்து வைத்தவை.

மோர்ஸ் முறையில் ஆங்கில ‘இ’க்கு ஒரே ஒரு புள்ளி. அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த தட்டு. அச்சுக்கூடத்தில் எந்த எழுத்து எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் போட்ட கணக்கு என்பார்கள். 26 எழுத்துக்கு அது சரி. ஆயிரக்கணக்கில் எழுத்து வைத்திருக்கும் சீனர்கள் என்ன செய்வார்கள்?

1871இல் டென்மார்க்கின் கிரேட் நார்தர்ன் கம்பெனி ஷாங்காய்க்குக் கடலடிக் கம்பியைக் கொண்டுவந்தது. ஷெல்லெரூப் என்ற டேனிஷ் வானியலாளர் முதல் பட்டியலைப் போட்டார். ஷாங்காய் சுங்கத்தில் வேலை பார்த்த விகியே என்ற பிரெஞ்சுக்காரர் அதை விரித்து 1872இல் புத்தகமாக்கினார். ஏறக்குறைய 6,800 எழுத்துகள், அகராதி வரிசையில். ஒவ்வொன்றுக்கும் நாலிலக்க எண். ‘ஜோங்’ 0022, ‘வென்’ 2429. இரண்டும் சேர்ந்தால் சீன மொழியின் பெயர்.

அனுப்புகிறவர் எழுத்தை எண்ணாக்கித் தட்ட வேண்டும். வாங்குகிறவர் எண்ணை மறுபடி எழுத்தாக்க வேண்டும். மோர்ஸில் எந்த இலக்கமானாலும் ஐந்து குறி. ஆக ஓர் எழுத்துக்கு 20 குறி. பூஜ்யம் ஐந்துமே கோடு; 0022இன் முதல் பாதி மட்டும் பத்துக் கோடு! அடுத்தவர் மொழிக்கு அளவெடுத்த கருவிக்குள் தம் மொழியைப் புகுத்த வேண்டியிருந்தது; அந்தப் பாரம் முழுக்கச் சீனர் தலையில். இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் புத்தகத்தைத் தொடாமலே ஆயிரக்கணக்கான எண்களை மனப்பாடமாகத் தட்டிய தந்திக்காரர்கள் அங்கே உருவானார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

ரகசியம் வேண்டுமா? இருவரும் பேசிவைத்த ஓர் எண்ணை எல்லா எண்களோடும் கூட்டிவிட்டால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது தேதி எழுதிய விதம். சொல்லுக்குச் சொல் காசு என்பதால் தேதியையும் ஒரே எழுத்தில் அடக்கினார்கள். கவிஞர்கள் இயைபு பார்க்கும் நூலில் வகைகளுக்கு வரிசையாகப் பெயர் உண்டு. அவற்றை எடுத்து நாட்களுக்கு வைத்தார்கள். மாதத்துக்குச் சீனக் காலக் கணக்கின் பழைய பன்னிரு ‘கிளை’க் குறிகள். யாப்பு நூல் தந்தி ஆபீசுக்கு உதவிய கதை வேறெங்கும் நான் கேட்டதில்லை. 21ஆம் தேதிக்கு ‘குதிரை’. 1927 மே 21இல் சாங்ஷா நகரில் ராணுவம் கம்யூனிஸ்டுகள் மீது பாய்ந்ததை வரலாற்று நூல்கள் ‘குதிரை நாள் சம்பவம்’ என்றே சொல்கின்றன.

சீனத்தில் ஒரே ஒலிப்புக்குப் பல எழுத்துகள் உண்டு என்பதால், எந்த எழுத்து என்று காட்ட அந்த எண் இன்னும் தேவைப்படுகிறது. ஹாங்காங் அடையாள அட்டையில் சீனப் பெயரோடு அந்த நாலிலக்க எண்களும் அச்சாகின்றன.