கையிலேயே இருந்த பட்டன்



நமுனுகுல பஜாரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் முப்பது வயதைத் தாண்டியவர்களே, டீவி கேம் ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் நிறக் கேசட். மேலே ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக ஒரு ஸ்டிக்கர். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து கேம்தான் திரும்பத் திரும்ப வரும். தவணை விடுமுறை விட்டால் டீவி இருக்கிற வீட்டு வாசலில் செருப்புக் குவிந்து கிடக்கும்.

அந்தக் கேம்களில் சில வசதிகள் முதல் நாளிலிருந்தே இருந்தன. நாங்கள் அவற்றைக் கண்டுபிடிப்பதற்குள் சிலருக்கு மீசையே முளைத்துவிட்டது.

மரியோவை எடுங்கள். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ். மொத்தம் 8 உலகம், ஒவ்வொன்றிலும் 4 கட்டம். இடையில் சேமித்து வைக்க வழியில்லை. ஐந்தாம் உலகம் வரை போய்ச் செத்தால் திரும்பவும் முதலாம் உலகம். எங்கள் வீடுகளில் இதற்காக அழுத பிள்ளைகள் உண்டு. ஆனால் கேம் ஓவர் ஆனதும், முதல் திரையில் 'ஏ' பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டைத் தட்டினால், செத்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்தே தொடங்கலாம். டீவி கேமை அணைக்காமல் இருந்தால் போதும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும், எங்கள் பக்கத்துக் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வசதி எங்களுக்குத் தெரிந்தபோது மரியோவின் மேல் ஆசையே முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

கொன்ட்ராவில் மூன்றே உயிர். மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர். இதை முதலில் வைத்தவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸ் என்ற கேமைச் சோதித்துப் பார்க்கும்போது அவருக்கே அது கஷ்டமாக இருந்ததாம். தன் வசதிக்காகப் போட்ட பட்டன் வரிசை அப்படியே கேமுக்குள் தங்கிவிட்டது. எங்களிடம் அது வந்து சேர்ந்தது கண்டியில் தங்கிப் படித்த ஒரு நானா மூலம். கொப்பித் தாளில் அம்புக்குறி போட்டுக் கொண்டுவந்தார். அந்தத் தாள் கைமாறிக் கைமாறி மூன்று தோட்டம் சுற்றியது.

ஆனால் எங்களுக்கு மிகவும் பிடித்தது கன் கேம்தான். டக் ஹன்ட். இங்கே 'எங்களுக்கு' என்றால் பெண் பிள்ளைகளுக்கு. துப்பாக்கி நானாமார் கையில்தான் இருக்கும். மரியோவிலும் அப்படித்தான், முதல் ஆள் செத்தால்தான் இரண்டாம் ஆளுக்கு முறை வரும், நானாமார் லேசில் சாக மாட்டார்கள். கன் கேமில் எங்கள் வேலை ஜொய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்துவது. அதோடு சரி. நாங்கள் தாரா என்போம், லயத்திலிருந்து வரும் எங்கள் கூட்டாளி வாத்து என்பாள். அது பறக்கும், அவர்கள் சுடுவார்கள், தவறினால் நாய் எழும்பிச் சிரிக்கும். அந்த நாயைச் சுட முயலாத பிள்ளை ஊரில் இல்லை. வீட்டு கேமில் அதைச் சுடவே முடியாது.

ஒருநாள் அந்தக் கூட்டாளி சும்மா இருக்க முடியாமல் அம்புக்குறி பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். தாரா அவள் அமுக்கிய பக்கம் திரும்பியது. இன்னொரு தடவை அமுக்கினாள், இன்னொரு தடவை திரும்பியது. எங்களைப் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அன்று பின்னேரம் நானாமாருக்கு ஒரு தாராவும் சரியாக விழவில்லை. "துவக்கு பழுதாப் போச்சு" என்று கழற்றிப் பார்த்தார்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அது பழுதல்ல, கேமைச் செய்தவர்கள் வைத்த வசதிதான். ஒரு தாரா மட்டும் பறக்கும் முதலாவது விளையாட்டில், சாதாரண ஜொய்ஸ்டிக்கை வைத்திருப்பவர் தாராவை ஓட்டலாம். அதாவது அது இரண்டு பேர் விளையாடும் கேம். எத்தனையோ விடுமுறையாக ஒரு கூட்டம் விளையாட, இன்னொரு கூட்டம் பார்த்துக்கொண்டு இருந்தது. விளையாடும் பட்டனோ பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கையிலேயே இருந்தது.

ஏன் இவ்வளவு காலம் தெரியவில்லை? நாங்கள் வாங்கியது நகல் மெஷின், விளக்கப் புத்தகம் என்று எதுவும் பெட்டிக்குள் இல்லை. இருந்திருந்தாலும் தமிழில் இருந்திருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. அந்த வசதி இல்லாமலேயே கேம் ஓடியது. ஓடுகிற ஒன்றை யாரும் கிண்டிப் பார்ப்பதில்லை. துவக்கு வைத்திருந்தவர்களுக்கு ஜொய்ஸ்டிக்கைப் பற்றி யோசிக்கத் தேவையே வரவில்லை. கண்டுபிடித்தது துவக்கு கிடைக்காத பிள்ளை.

கலாசாலையில் படித்தபோதும் இதே கதைதான். கணினி அறையில் மைன்ஸ்வீப்பர். குண்டு இருக்கும் கட்டங்களுக்குக் கொடி வைத்த பிறகு, நடுவிலுள்ள எண்ணின் மேல் மௌசின் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் சுற்றியுள்ள மிச்சக் கட்டங்கள் தாமாகவே திறக்கும். பயிற்சி முடியும் தறுவாயில்தான் எங்கள் பெட்ச்சில் இது பரவியது. அதுவரை ஒவ்வொரு கட்டமாகத் திறந்துகொண்டிருந்தோம்.

இப்போது இதையெல்லாம் எழுத ஒரு காரணம் இருக்கிறது.

போன தீபாவளிக்குப் பஜாரில் ஒரு தம்பியைக் கண்டோம். பக்கத்துத் தோட்டம். சாதாரண தரத்தில் கணிதம் கிடைக்கவில்லை என்று கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவன். கரண்ட் வேலையில் நல்ல கைப்பழக்கம் உள்ள பிள்ளை. பேச்சோடு பேச்சாக, சாதாரண தரம் சித்தியடையாவிட்டாலும் 12ஆம் வகுப்பில் தொழிற்பிரிவில் சேரலாம் என்ற பேச்சு வந்தது. "அப்பிடி ஒண்டு இருக்கா டீச்சர்?" என்று கேட்டான். 13 வருடக் கல்வியை உறுதிப்படுத்தும் அந்தத் திட்டம் 2017இல் தொடங்கியது. அவன் பரீட்சை எழுதும்போதே அது இருந்தது. எல்லாப் பாடசாலையிலும் இல்லைதான். ஆனாலும் இருந்தது. அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இருந்த இடத்துக்கும் அவன் லயத்துக்கும் நடுவில் கொப்பித் தாளோடு வர ஒரு நானா இல்லை.

கேமில் உயிர் போனால் ஸ்டார்ட்டை அழுத்தலாம். பதினாறு வயது திரும்ப வராது.

இன்றைய பிள்ளைகளிடம் போன் இருக்கிறது. ஃப்ரீ ஃபயரில் எந்த செட்டிங்கை எங்கே மாற்ற வேண்டும் என்று யூடியூப்பில் தேடிப் பத்து நிமிடத்தில் படித்துக்கொள்கிறார்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாததை எப்படித் தேடுவது? யாராவது ஒருவர் முதலில் பெயரையாவது சொல்ல வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்தில், உங்கள் வீதியில், சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும். தொழிற்பிரிவு பற்றியும் என்விகியூ சான்றிதழ் தரும் பயிற்சி நிலையங்கள் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பசறையிலோ பதுளையிலோ எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். தனியாகப் போகக் கூச்சப்பட்டால் எங்களிடம் அனுப்புங்கள், கூட்டிக்கொண்டு போகிறோம். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

நீங்கள் தாமதமாகக் கண்டுபிடித்த கேம் வித்தைகளையும் கீழே எழுதுங்கள். நானாமார் யாராவது இதை வாசித்தால், அந்தத் துவக்கில் ஒரு பழுதும் இருக்கவில்லை என்பதை இத்தால் அறியத் தருகிறோம்.