யௌவனமும் வியாதியும்

குழந்தைக்கு வியாதி வந்தால் எப்படிப் பதறுவது, வயோதிகருக்கு வந்தால் எப்படி மனத்தைத் தேற்றிக்கொள்வது என்பதெல்லாம் நம் குடும்பங்களுக்குப் பரம்பரையாகத் தெரியும். ஆனால் உத்தியோகம் நிரந்தரமாகி, ஜாதகம் கைமாறத் தொடங்கியிருக்கும் இருபத்தாறு வயதில் ஒருவன் கழுத்திலே கட்டியோடு வந்து நின்றால், என்ன செய்வதென்று எவருக்கும் தெரிவதில்லை. "வலிக்கவில்லையே, ஒன்றும் இராது" என்றுதான் எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். வலியில்லாத கட்டியைத்தான் அலட்சியம் செய்யக்கூடாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

எனக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. லண்டன் வைத்தியர் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-ல் இதை வருணித்த பின்னும் நெடுங்காலம் இதிலிருந்து மீண்டவர்கள் அபூர்வமாகவே இருந்தார்கள். 1960-களில் அமெரிக்காவிலும் 1970-களில் மிலான் நகரிலும் நந்நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறைகள் உருவாகி, வாலிபர்களில் பெரும்பாலோர் பிழைத்தெழும் புற்றுநோயாக இது மாறிய பிறகே, பிழைத்தவன் மிச்ச ஆயுளை எப்படி நடத்துவது என்ற பிரச்னையும் பிறந்தது.

மிலான் முறையின் நான்கு மருந்துகளில் ஒன்று சிவப்பு. நரம்பை விட்டுக் கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும் என்பதால், நர்ஸ் அம்மாள் பக்கத்திலேயே அமர்ந்து, ஊசிக் குழாயைச் சற்றே பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே அதை ஏற்றுவார். அப்புறம் சிறுநீரும் சிவந்து போகும். இதற்கெல்லாம் முன்னால், முன்ஜாக்கிரதையாக விந்தைச் சேமித்துவைக்க விருப்பமா என்று வைத்தியர் தகப்பனார் எதிரிலேயே கேட்டுவிட்டார். தகப்பனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரசம் தாளிக்கும் வாசனை குமட்டியதையும், உறவினர் கொண்டுவந்து குவித்த முள்சீத்தா இலையையும் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

சிகிச்சைக் காலத்தில் சிரமம் உண்டே தவிரக் குழப்பம் இல்லை. எந்த நாளில் ஊசி, எந்த நாளில் ரத்தப் பரிசோதனை, எவர் துணைக்கு வருவது என்று மற்றவர்களே நிர்ணயித்தார்கள். முடிந்ததும் இனிப்பு வழங்கி அவரவர் காரியத்துக்குப் போய்விட்டார்கள். நண்பர்களுக்குப் பதவி உயர்வு, குழந்தை, வீட்டுக் கடன். எனக்கோ மாடிப்படி ஏறினாலே களைப்பு, லேசான ஜுரத்துக்கும் கழுத்தைத் தடவிப் பார்க்கும் விரல்கள். நன்றாயிருப்பவன் பயப்படுகிறான் என்றால் நன்றிகெட்டவன் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள்.

கல்யாணப் பேச்சு மறுபடி எழுந்தபோது, "சொல்லாமலிருந்தால் என்னடா, குணமாகித்தானே விட்டது?" என்றாள் அம்மா. அவள் பயத்தில் நியாயமிருந்தது. ஆனால் வருஷா வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் புருஷன் மனைவியிடம் எத்தனை பொய்தான் சொல்வான்? சொன்னேன். இரண்டு இடங்கள் மௌனமாகவே விலகின. மூன்றாவது இடத்துப் பெண், "அந்தச் சிவப்பு மருந்து இருதயத்தைப் பாதிக்கலாமாமே, எக்கோ எடுத்துப் பார்த்தீர்களா?" என்று நேராகவே கேட்டாள். ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். அதுவரை பேசாதிருந்த அவளுடைய தகப்பனார், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.