ஊர் சம்மதித்ததா? - ஒரு வழக்கறிஞர் எழுப்பிய கேள்வி

பெரு நாட்டின் தெற்கே இருக்கிறது புனோ. அய்மாரா பழங்குடி மக்கள் வாழும் மலைப்பகுதி. அங்கே வெள்ளிச் சுரங்கம் தோண்ட வந்தது 'பேர் க்ரீக்' என்ற கனடா நிறுவனம். தண்ணீரும் நிலமும் பாழாகிவிடும் என்று பயந்த மக்கள் 2011-ல் போராட்டத்தில் இறங்கினார்கள். போராட்டம் தீவிரமாகவே, நிறுவனத்துக்குக் கொடுத்த அனுமதியை அரசு ரத்து செய்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. 50 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கேட்டு, பெரு அரசு மீது நிறுவனம் வழக்கு போட்டது. உள்ளூர் கோர்ட்டில் அல்ல, சர்வதேச நடுவர் மன்றத்தில்!

அது எப்படி முடியும்? 'உங்கள் நாட்டுக்காரர் இங்கே பணம் போட்டால், அதை அநியாயமாகப் பறிக்க மாட்டோம்' என்று நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. அதை மீறினால், முதலீட்டாளரே நேரடியாக அரசை வழக்குக்கு இழுக்கலாம். பெரும்பாலும் மூன்று நடுவர்கள் விசாரிப்பார்கள். ஒருவரை நிறுவனமும் இன்னொருவரை அரசும் தேர்வு செய்யும். மூன்றாமவர் தலைவர்.

இந்த வழக்கில் பெரு தேர்வு செய்தவர், ஃபிலிப் சாண்ட்ஸ்.

1960-ல் லண்டனில் பிறந்த சாண்ட்ஸ், 1989-ல் ஜேம்ஸ் கேமரூன் என்ற வழக்கறிஞருடன் சேர்ந்து ('டைட்டானிக்' இயக்குநர் அல்ல, இவர் வேறு!) சுற்றுச்சூழல் சட்டத்துக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஐ.நா-வின் 1992 காலநிலை ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தைகளில் சின்னஞ்சிறு தீவு நாடுகளுக்குச் சட்ட ஆலோசனை சொன்னது அந்த அமைப்பு. கடல்மட்டம் உயர்ந்தால் ஊரையே இழக்கக்கூடிய மக்களின் பக்கம் நின்று பழகியவர் சாண்ட்ஸ்.

அப்படிப்பட்டவருக்கு முதலீட்டு வழக்குகளில் என்ன வேலை என்று தோன்றலாம். இரண்டு சட்டங்களும் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம் அது. 2030 முதல் நிலக்கரியில் மின்சாரம் தயாரிக்கக் கூடாது என்று நெதர்லாந்து 2019-ல் சட்டம் போட்டது. 2021-ல் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ நிறுவனம் சுமார் 140 கோடி யூரோ கேட்டு வழக்கு தொடர்ந்தது. 2023-ல் அதைக் கைவிட்டது என்றாலும், மற்ற அரசுகளுக்கு அது ஓர் எச்சரிக்கை. புகையைக் குறைக்க நினைத்தால், பில் வீட்டுக்கு வரும்!

இந்த நடுவர் மன்றங்களின் குறைகளையும் சாண்ட்ஸ் பேசாமல் இருக்கவில்லை. ஒரே ஆள் காலையில் ஒரு வழக்கில் தீர்ப்பு எழுதிவிட்டு, மதியம் அதே சட்டப் பிரச்னையில் இன்னொரு வழக்கில் வாதாடுவது சரியல்ல என்று வெளிப்படையாகவே எழுதினார்.

பேர் க்ரீக் வழக்கில் 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பெரு ஒப்பந்தத்தை மீறியது உண்மை என்றார்கள் நடுவர்கள். சாண்ட்ஸும் அதை ஏற்றுக்கொண்டார். கேட்ட தொகை கிடைக்கவில்லை என்றாலும், சுமார் 1.8 கோடி டாலர் கொடுக்க உத்தரவானது.

சாண்ட்ஸ் முரண்பட்டது அந்தத் தொகையில்தான். 'அரசு கையெழுத்து போட்டால் போதுமா? அங்கே வாழும் மக்களின் நம்பிக்கையைப் பெறுவது நிறுவனத்தின் பொறுப்பு இல்லையா? அதில் தவறிய நிறுவனத்துக்கும் நஷ்டத்தில் பங்கு உண்டு. இழப்பீட்டைப் பாதியாகக் குறைக்க வேண்டும்' என்பது அவர் எழுதிய மாறுபட்ட கருத்தின் சாரம்.

மூவரில் ஒருவரின் கருத்து அது, எடுபடவில்லை. தொகை குறையவும் இல்லை. அய்மாரா மக்கள் அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. ஆனாலும், அவர்களின் சம்மதத்துக்கு மதிப்பு உண்டு என்று ஒரு நடுவர் எழுதிய பக்கங்கள் அந்தத் தீர்ப்போடு இருக்கின்றன. இனி ஒரு மலையடிவாரத்தில் இதே பிரச்னை வந்தால், அந்த ஊருக்காகப் பேசும் வழக்கறிஞர் அந்தப் பக்கங்களைப் புரட்டலாம்.