கிழடுகள் மட்டும் வாழும் ஆறு

முத்து என்றால் நமக்குக் கடல்தான், தூத்துக்குடிதான். ஆற்றிலும் முத்துச் சிப்பி உண்டு என்பதே எனக்குப் போன வருடம்தான் தெரியும். ஸ்காட்லாந்தின் குளிர்ந்த ஆறுகளில், சரளைக்கல்லுக்குள் பாதி புதைந்து நிற்கிற கறுத்த சிப்பி அது. நூறு வயதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஒரு சிப்பி நாளொன்றுக்கு 50 லிட்டர் தண்ணீர்வரை வடிகட்டித் தரும். உள்ளே முத்து இருக்கிறதா என்று பார்க்கவே அதைப் பிளந்து கொன்றார்கள். பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. 1998-ல்தான் பிரிட்டனில் அதற்கு முழுச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

ஆனால் கத்தியிலிருந்து தப்பினால் மட்டும் போதாது. தாய்ச்சிப்பி லட்சக்கணக்கில் குஞ்சுகளை நீரில் விடும். அதில் ஏதோ சில, சால்மன் அல்லது டிரவுட் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கும். பிறகு உதிர்ந்து, சரளைக்குள் இறங்கி, ஐந்து வருடம்போலக் கண்ணிலேயே படாமல் வளரும். வயலிலிருந்து வரும் வண்டல் சரளையின் இடுக்குகளை அடைத்துவிட்டால் உள்ளே ஆக்ஸிஜன் போகாது. குஞ்சு சாகும். மேலே தலைநீட்டி நிற்கும் கிழடுகளுக்கு உடனே ஒன்றும் ஆகாது.

என்னை உலுக்கியது இந்த இடம்தான். ஆற்றில் இறங்கி எண்ணினால் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு இளசுகூட இருக்காது. இன்னும் ஐம்பது வருடம் அந்த ஆறு உயிரோடு இருப்பதுபோலவே தெரியும். உண்மையில் கதை எப்போதோ முடிந்துவிட்டது.

எங்கள் டீமில் புதிதாக ஆள் எடுத்து நான்கு வருடமாகிறது. சர்வர் விழவில்லை, டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. "எல்லாம் நல்லாத்தானே ஓடுது?" என்று மேலே இருப்பவர்கள் கேட்கும்போது, இப்போதெல்லாம் எனக்கு அந்தச் சிப்பிகள்தான் ஞாபகம் வருகின்றன.

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிக்கரையில், தொட்டி மீன்களின் செவுளில் குஞ்சுகளை ஒட்டவைத்து வளர்க்கிறார்கள். ஆறுகளின் கரையில் மரம் நடுகிறார்கள், மாடு இறங்காமல் வேலி போடுகிறார்கள். இன்று வளர்க்கும் குஞ்சு தாயாகவே பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். அது கிழடாவதைப் பார்க்க இவர்களில் யாரும் இருக்கப்போவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரிசல்ட் காட்டிப் பழகிய எனக்கு அந்தப் பொறுமை பிடிபடவே இல்லை. ஆனால் அவர்கள் ஆற்றில் முதலில் தேடுவது என்ன என்று மட்டும் புரிகிறது: எத்தனை இருக்கிறது என்பதை அல்ல, கடைக்குட்டிக்கு என்ன வயது என்பதை.