ஒற்றைத் தூணில் நிற்கும் வாயில்



நாகசாகி நகருக்கு நாம் திருப்பயணம் மேற்கொண்டது மறைசாட்சிகளின் மண்ணை முத்தமிடவே. நம் முத்துக்குளித்துறையில் வீதிதோறும் மணியடித்து மறைக்கல்வி புகட்டிய புனித சவேரியார், 1549 ஆகஸ்ட் 15 அன்று கரையேறிய நாடன்றோ ஜப்பான்! ஆயினும், அங்கே நம் உள்ளத்தை உலுக்கியது ஒரு ஷின்டோ ஆலயமே.

சன்னோ ஆலயம் எனும் அதன் படிகளில் ஏறினால், 'தோரி' என்னும் கல்வாயில் எதிர்ப்படுகிறது. இரு தூண்களில் நிற்கவேண்டிய அது ஒற்றைத் தூணில் நிற்கிறது. 1945 ஆகஸ்ட் 9, முற்பகல் 11 மணி 2 நிமிடத்திற்கு, சுமார் 800 மீட்டர் தொலைவில் வெடித்த அணுகுண்டு மறுபாதியை வீழ்த்திவிட்டது. விழுந்த கற்கள் அருகே வைக்கப்பட்டுள்ளன.

அதே நொடியில்தான் உரகாமிப் பேராலயமும் தகர்ந்தது. விண்ணேற்பு விழாவுக்கு ஆயத்தமாக ஒப்புரவு அருட்சாதனம் வழங்கிக்கொண்டிருந்த இரு குருக்களும், காத்திருந்த விசுவாசிகளும் மாண்டனர். அப்பங்கின் 12,000 கத்தோலிக்கருள் சுமார் 8,500 பேர் மடிந்தனர். குண்டு எந்த வாயிலையும் பிரித்துப் பார்க்கவில்லை.

நாமோ அவ்வாயிலின் முன் தயங்கி நின்றோம். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ளவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே அறிவித்ததை அறியாதவரல்லோம்; குருமடத்தில் கற்றோம், மேடைகளில் பேசினோம். எனினும், பல ஆண்டுகளுக்கு முன் பங்குப் பெண்ணொருத்தி, தன் இந்துத் தோழியின் திருமணம் கோவிலில் நடப்பதாகச் சொல்லி அனுமதி கேட்டபோது, "போகாதே" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டோம்.

அந்த நினைவோடு உள்ளே சென்றோம். இருபுறமும் இரு கற்பூர மரங்கள். அன்று கருகி, இலையிழந்து, பட்டுப்போனவை என்று கைவிடப்பட்டவை; சில மாதங்களுக்குள் துளிர்த்தனவாம். இன்று வானளாவ நிழல் பரப்புகின்றன. முதியவர் ஒருவர் இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் தலைவணங்கினார். நாம் சற்றுத் தள்ளி நின்று, இறந்தோர் அனைவருக்காகவும் செபமாலை சொன்னோம்.

ஊர் திரும்பியதும் அப்பெண்ணின் இல்லம் சென்றோம். "அன்று உன்னைத் தடுத்தது தவறம்மா" என்றோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, சாமி" என்றாள்.

வரும் ஞாயிறு மாலை அத்தோழியின் இல்லத்திற்கு அவளுடன் நாமும் செல்கிறோம். எங்களுக்காக மன்றாடுங்கள்.