வழிவிடும் சில்லு

இருவர் ஒருங்கே பேசினால் எவர் சொல்லும் எவர் காதிலும் ஏறாது. இவ்வுண்மையை உணர்ந்து நடக்கும் சில்லு ஒன்று உண்டு. கையில் எடுக்காமலே பேசும் தொலைபேசிகளுக்கென மோட்டரோலா நிறுவனம் ஆக்கிய எம்.சி. 34118 என்பதே அது. 28 கால்கள் கொண்டது.

ஒலிபெருக்கியில் வரும் குரல் அருகிலுள்ள ஒலிவாங்கியில் புகுந்து, சுற்றித் திரும்பினால் ஊளை எழும். அதைத் தடுக்கவே, போகும் வழிக்கு ஒன்றும் வரும் வழிக்கு ஒன்றுமாக இரண்டு ஒலிகுறைப்பிகள் இச்சில்லில் உள்ளன. ஒன்று திறந்தால் மற்றது மூடும். இருவரும் ஓய்ந்தால் இரண்டும் நடுநிலையில் நிற்கும்.

யார் பேசுகிறார் என்பதை அது எவ்வாறு அறிகிறது? மின்விசிறியின் இரைச்சல் ஒரே சீராக வரும். மனிதக் குரலோ ஏறியிறங்கி, விட்டுவிட்டு வரும். சீரான ஓசையை ஒதுக்கி, அதற்கு மேல் எழுவதையே பேச்செனக் கொள்கிறது சில்லு.

இதற்குத் தனி மின்கலமும் வேண்டியதில்லை. தொலைபேசிக் கம்பியில் வரும் மின்னோட்டத்தில் சில மில்லியாம்பியரே போதும். ஒலிபெருக்கிக்குத்தான் மிகுதி வேண்டும். ஆதலால் தொலைபேசி நிலையத்துக்கு நெடுந்தொலைவிலுள்ள வீடுகளில் மின்னோட்டம் மெலிய, ஒலியும் மெலியும்.

எங்கள் ஊர் வீட்டில் இத்தகைய தொலைபேசி இன்றும் உண்டு. பாட்டி மெல்லப் பேசுபவர். விடுதியிலிருந்து நான் இடைவிடாது பேசினால், வரும் வழியே திறந்திருக்கும். அவர் குரல் கம்பியை எட்டாது. எனவே ஒவ்வொரு வினாவுக்குப் பின்னும் வாய்மூடிக் காத்திருப்பேன். அப்போதுதான், "சாப்பிட்டியாப்பா?" என்பது வந்து சேரும்.

மெல்லிய குரலுக்கு வழி கிடைக்கச் சில்லின் திறமை மட்டும் போதாது. மறுமுனையில் ஒருவர் சற்றே பேசாதிருக்கவும் வேண்டும். நம் சங்கக் கூட்டங்களுக்கும் இது பொருந்துமன்றோ!