அசுணம் வளர்த்த கதை

நமுனுகுல மலையின் உயரம் 2,036 மீற்றர். அச்சிங்களப் பெயருக்கு ஒன்பது முகடுகள் என்று பொருள் கூறுவர். அம்முகடுகளுள் ஒன்றில் நம் பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஒரு பிராணியைக் குடியேற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பெயர் அசுணம். உலகில் அப்படியொரு பிராணி இல்லை என்பதை அவர்களும் அறிவர், நாமும் அறிவோம்.

ஒரு மழைநாளில் வகுப்பில் பாதிப்பேர் வரவில்லை. பாடத்தை ஒதுக்கிவிட்டுச் சங்கப் பாட்டின் கதை சொன்னோம். இசைக்கு உயிரையே கொடுக்கும் பிராணி அசுணம். வேடர் யாழை மீட்டுவர். அது மயங்கி அருகே வரும். உடனே பறையை அறைவர். அவ்வோசை பொறாமல் உயிர் விடும். காதலனின் மார்பு இன்பமும் தரும், துன்பமும் தரும், அசுணத்தைக் கொல்பவனின் கையைப் போல, என்கிறாள் நற்றிணை 304ஆம் பாடலின் தலைவி. பாடியவர் மாறோக்கத்து நப்பசலையார் என்னும் பெண்பாற் புலவர். அகநானூற்று 88ஆம் பாடலிலோ, வண்டொலியை யாழோசை என்று மயங்கி மலைப்பிளவிலிருந்து அசுணம் செவி சாய்க்கிறது. அதைப் பாடியவர் ஈழத்துப் பூதன்தேவனார். “நம்ம நாட்டு ஆளா சேர்?” என்று ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அசுணம் விலங்கா, பறவையா? இரண்டும் சொல்வார் உளர். அதற்கு என்ன நிறம், எத்தனை கால், என்ன தீனி என்று கேட்டபோது நம்மிடம் விடையில்லை. “அப்ப நாங்களே வளர்த்துக்கிறோம் சேர்” என்றனர். எண்பது பக்கக் கொப்பி ஒன்றை நூலில் கட்டிப் பின்சுவரில் தொங்கவிட்டனர்.

அக்கொப்பியை வாசகர் பார்க்க வேண்டும். அசுணத்தின் காது சேப்பங்கிழங்கு இலை அளவு. அது மூடுபனியில் மட்டுமே நடமாடும். லயத்து நாய்கள் அதைக் கண்டு குரைப்பதில்லை. அதன் தீனி தேயிலைக் கொழுந்து. அதிலும் கூடையில் கிடக்கும் கொழுந்தைத்தான் தின்னும். கொழுந்து நிறுக்குமிடத்தில் அம்மாவின் கணக்கில் இரண்டு கிலோ குறைவது அதனால்தான் என்று ஒரு சிறுவன் எழுதியிருந்தான். படித்துச் சிரித்தோம். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்களை நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த உற்சாகத்தில்தான் நாம் தவறு செய்தோம். அசுணம் வேறு யாருமன்று, உங்கள் பாட்டன் பூட்டன்மாரே என்று விளக்கத் தொடங்கினோம். தேயிலைத் தூருக்கடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி பேசியது யாழ்; விடியுமுன்பே பெரட்டுக்கு எழுப்பிய தப்பு பறை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் பறைதான். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களை எண்ணிப் பிரித்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமும் பறைதான். உவமை அழகாக அமைந்துவிட்டதென்று நமக்குள் ஒரு பெருமிதம். பட்டதாரித் தமிழாசிரியர்களுக்கு இந்நோய் உண்டு.

மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாதவள். “சேர், எங்கப்பா தப்படிக்கிறவரு. அவரு அடிச்சு யாரும் சாகலியே.”

பின் வாங்கிலிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. தப்பைக் கேட்டல்ல, தப்படிக்கிறவரின் மகள் என்று கேட்டு எழுந்த சிரிப்பு. அதன் பொருள் நமக்கு நன்றாகத் தெரியும். ஒரு நொடி தெரியாதவர்போல் நின்றோம். அந்த ஒரு நொடியை அவள் கண்டுகொண்டாள்.

பிறகு கண்டித்தோம்; அது வேறு. மறுநாளும் அவளையே பேசச் சொன்னோம். தப்பைத் தீயில் எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், தோல் விறைத்ததும் ஓசை எப்படி மாறும், சாவுக்கு ஓர் அடி, மாசி மாதக் காமன் கூத்துக்கு வேறோர் அடி என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டினாள். பெரட்டுக்கு அடிக்கச் சொன்னவர் துரை. அடித்தவரும் அடுத்த நிமிடம் அதே பெரட்டில்தான் போய் நின்றார் என்றாள். அது அவளுடைய பாட்டனார் சொன்னது. நம் உவமையில் அந்த மனிதருக்கு இடமே இருக்கவில்லை. நப்பசலையாரின் பாட்டிலும் யாழும் பறையும் ஒரே வேடனின் கையில் இருப்பவை; கையை விட்டுவிட்டுக் கருவியைக் குற்றவாளியாக்கியவர் நாம்.

கொப்பியில் அவள் எழுதிய பகுதி சிறியது. நமுனுகுல அசுணம் தப்புக்குச் சாகாது. காமன் கூத்தன்று மலையிலிருந்து இறங்கிவந்து கடைசி லயத்துக்குப் பின்னால் நின்று கேட்கும். தப்பைக் காய்ச்சும் நெருப்பில் குளிர் காயும். அதன் கீழே, சிரித்த மாணவர்களுள் ஒருவன் கேள்வி எழுதியிருந்தான்: “அப்படியென்றால் எதற்குச் சாகும்?” அவ்விடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

அவ்வகுப்பு பரீட்சை எழுதிக் கலைந்துவிட்டது. கொழுந்துக் கணக்கு எழுதிய சிறுவன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அந்த மாணவி உயர்தரத்துக்குத் தமிழ் எடுத்திருக்கிறாள். கொப்பி புதிய பத்தாம் வகுப்பிடம் போயிருக்கிறது. அசுணம் முட்டையிடுமா, குட்டி போடுமா என்று சென்ற கிழமை தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை.